கணக்கைக் காட்டு

வங்கிக் கவுண்ட்டருக்குள் உட்கார்ந்திருப்பவனுக்குக் காசின் பாஷை கொஞ்சம் புரியும். ஒருநாள் ஊன்றுகோலோடு வந்த தோழர் ஒருவர் கேட்டார்: “எங்க போட்டோவக் காட்டித்தான் சார் நன்கொடை வாங்குறாங்க. கணக்கக் கேட்டா, ‘சோறு போடுறோம்ல, அப்புறம் என்ன கேள்வி’ங்கறாங்க. நாங்க கேக்கக் கூடாதா?”

இந்தப் பதில் நமக்குப் புதுசு இல்லை தோழர்களே.

1932இல், பூனா ஒப்பந்தத்தின் கையோடு, ஹரிஜன சேவக் சங்கம் தொடங்கப்பட்டது. தலைவர் பிர்லா, செயலாளர் தக்கர். நிர்வாகத்தில் எங்களுக்கு இடம் எங்கே என்று தீண்டப்படாதவர்கள் கேட்டார்கள். இது சாதி இந்துக்கள் செய்யும் பரிகாரம், பணமும் அவர்களுடையது, அவர்களே நடத்தட்டும் என்றார் காந்தி. மத்தியக் குழுவில் இருந்த அண்ணல் அம்பேத்கர் வெளியேறினார். 1945இல் காங்கிரசையும் காந்தியையும் பற்றி எழுதிய நூலில் இதையெல்லாம் பதிவு செய்தார். பெறுகிறவனுக்கு வாய் கிடையாது என்பதுதான் கருணையின் சட்டம்.

ஊனமுற்றோர் பெயரால் நடக்கும் பல தொண்டு நிறுவனங்களில் இன்றும் அதே சட்டம்தான். தலைவர் அப்பா, செயலாளர் மகன், பொருளாளர் மருமகள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 ஆண்டுதோறும் பேரவையைக் கூட்டித் தணிக்கை செய்த கணக்கை வைக்கச் சொல்கிறது. ஆனால் அது உறுப்பினர்களுக்கு. விடுதியில் இருப்பவர் வெறும் ‘பயனாளி’. அறக்கட்டளை என்றால் பேரவை என்ற ஒன்றே இருக்க வேண்டியதில்லை. ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார், ரசீது சரியாயிருக்கும், வரிவிலக்கும் கிடைக்கும். யாருக்காகச் செலவானதோ அவருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

இது ‘அவங்க’ பிரச்சினை என்று ஒதுங்க முடியாது. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் ஊனமுற்றோர் 2.21 சதம், தலித்துகளில் 2.45 சதம். சேரிக்குள்தான் ஊனம் கூடுதலாக இருக்கிறது.

நிர்வாகச் செலவைக் குறைத்துக் காட்டுவதே நேர்மை என்றும் நாம் சொல்லவில்லை. அங்கே மலம் அள்ளி, குளிப்பாட்டி, சோறு ஊட்டுகிற ஆயாவுக்கும் முறையான சம்பளம் வேண்டும். அவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்று சொல்லத் தேவையில்லை.

நாம் கேட்பது இதுதான். பயனாளிகள் வாக்குள்ள உறுப்பினர்களாக வேண்டும். நிர்வாகக் குழுவில் பாதிக்குமேல் அவர்கள் இருக்க வேண்டும். மேடையில் மாலை போட்டு உட்கார வைத்தால் போதாது. காசோலையில் போடும் இரண்டு கையெழுத்தில் ஒன்று அவர்களுடையதாக இருக்க வேண்டும். வரவு செலவை வருசத்துக்கு ஒருமுறை எல்லோர் முன்னாலும் தமிழில் வாசிக்க வேண்டும். பார்வையற்றோருக்கு பிரெயிலில், காது கேளாதோருக்குச் சைகை மொழியில்.

நம் இயக்கமும் இதற்கு விலக்கல்ல. உண்டியல் குலுக்கியவர்கள் நாமும்தான். நம் கூட்டங்களில் கணக்கு வாசிக்கிறோமா? மாடிப்படி ஏற முடியாத தோழர் கீழேயே நின்றுவிடாத இடத்தில் கூடுகிறோமா?

சோறு போட்டதற்கு நன்றி கேட்காதே. கணக்கைக் காட்டு.

ஜெய்பீம்.