பாதியில் நின்ற பாட்டு



"ஆண்பிள்ளை அழலாமா?" என்று கேட்டுக் கேட்டே பிள்ளைகளை வளர்த்து வருகிறோம். வாப்பாவைப் பறிகொடுத்த மகன் கண் கலங்கி நின்றால், "நீயே அழுதால் உம்மாவை யார் தேற்றுவது?" என்று அதட்டி, அவன் கண்ணீரை உள்ளேயே தள்ளி விடுகிறோம். அவன் அழுகையை அடக்கிக் கொண்டால், "கெட்டிக்காரப் பிள்ளை!" என்று பாராட்டவும் செய்கிறோம். இது சரிதானா என்று நம்மைச் சிந்திக்க வைக்கும் நிகழ்ச்சியொன்று 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் இலண்டன் மாநகரின் வெம்பிளி விளையாட்டரங்கில் நடைபெற்றது.

அமெரிக்காவின் 'ஃபூ ஃபைட்டர்ஸ்' என்னும் ராக் இசைக்குழுவைப் பற்றி உங்கள் வீட்டு இளைஞர்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கக்கூடும். அதன் தலைவர் டேவ் குரோல். அக்குழுவில் இருபத்தைந்து ஆண்டுகள் டிரம்ஸ் வாசித்தவர் டெய்லர் ஹாக்கின்ஸ். 2022ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள், கொலம்பியா நாட்டுத் தலைநகர் பொகோட்டாவில், அன்றிரவு மேடையேற வேண்டிய ஹாக்கின்ஸ் தம் ஓட்டல் அறையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 50. அவருடைய நினைவைப் போற்றவே வெம்பிளியில் அந்த இசை நிகழ்ச்சி ஏற்பாடாயிற்று.

இவ்விருவரின் நட்பைப் பற்றிச் சிறிது அறிந்துகொண்டால்தான் அன்றைய கண்ணீரின் கனம் விளங்கும். டேவ் குரோல் முன்னர் 'நிர்வாணா' என்ற புகழ்பெற்ற குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். அக்குழுவின் பாடகர் கர்ட் கோபேன் 1994ஆம் ஆண்டு ஏப்ரலில் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். குழு கலைந்தது. அந்த அதிர்ச்சியிலிருந்து மீள முயன்ற குரோல், அதே ஆண்டின் இறுதியில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஏறத்தாழ எல்லாக் கருவிகளையும் தாமே வாசித்துப் பாடல்களைப் பதிவு செய்தார். அதுவே புதிய குழுவுக்கு வித்தாயிற்று. 1997இல் ஹாக்கின்ஸ் வந்து சேர்ந்தார். டிரம்ஸ் வாசிப்பதில் பேர் பெற்ற ஒருவரின் பின்னால் அமர்ந்து அதே கருவியை வாசிப்பது எளிதான செயலா? அந்த இடத்தில் அமர்ந்து, சகோதரனினும் நெருங்கிய தோழனாக ஆனார் அவர்.

2001ஆம் ஆண்டு இதே இலண்டன் நகரில் ஹாக்கின்ஸ் அளவுமீறிய போதைப்பொருளால் நினைவிழந்து ஏறக்குறைய இரண்டு வாரங்கள் மருத்துவமனையில் கிடந்தார். குரோல் அவருடைய படுக்கையருகே காத்திருந்தார். அம்முறை தோழன் கண் விழித்தார். இருபத்தோராண்டுகளுக்குப் பின் அதே நகருக்கு வந்த குரோல், விழிக்காமலே போய்விட்ட தோழனுக்காகப் பாட வேண்டியிருந்தது.

நிகழ்ச்சி ஏறத்தாழ ஆறு மணி நேரம் நீடித்தது. பால் மெக்கார்ட்னி, 'குயீன்' குழுவின் பிரையன் மே, ரோஜர் டெய்லர் எனப் பழம்பெரும் கலைஞர்கள் பலர் வந்து பாடினர். நிறைவாக 'ஃபூ ஃபைட்டர்ஸ்' மேடையேறியது. முதற் பாட்டு, நொறுங்கிய வாழ்வை மீண்டும் தொடங்குவதைப் பற்றியது. முழங்கும் கருவிகளோடு பாடப்படும் அதனை, அன்று மெல்லிய குரலில் தொடங்கினார் குரோல். சில வரிகள் கடந்தன. குரல் தழுதழுத்தது. பாட முடியவில்லை. நின்றுவிட்டார். அந்தப் பெருங்கூட்டத்தின் முன்னே, ஐம்பத்து மூன்று வயது மனிதர் கண்ணீர் வழிய நின்றார்.

அரங்கம் என்ன செய்தது? எள்ளி நகையாடவில்லை, முகம் சுளிக்கவில்லை. ஆரவாரித்து, அவருக்கு ஊக்கமளித்தது. அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பாடலானார். குரல் முற்றிலும் தெளிந்துவிடவில்லை. ஆயினும் பாட்டு முடிவுவரை சென்றது.

வாசகர்களே, அவர் தம் கண்ணீரை மறைக்கவுமில்லை. அதைக் காரணம் காட்டித் தம் கடமையிலிருந்து நழுவவுமில்லை. அழுதார், பிறகு செய்ய வேண்டியதைச் செய்தார். அழுகிறவன் கடமையை மறந்துவிடுவான் என்றெண்ணித்தானே நம் பிள்ளைகளை அதட்டுகிறோம்? அந்த எண்ணம் பிழையென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அன்றைய நிகழ்ச்சியின் உச்சம் அதற்கும் பின்னர்தான் வந்தது. ஹாக்கின்ஸ் விட்டுச் சென்ற இருக்கையில் அன்று பலர் மாறி மாறி அமர்ந்து வாசித்தனர். அவர்களுள் பன்னிரண்டு வயதுச் சிறுமி நந்தி புஷெல்லும் ஒருத்தி. இறுதிக் கட்டத்தில், குடும்பத்தில் ஒருவனாக அறிமுகப்படுத்தப்பட்டு மேடைக்கு வந்தான் பதினாறே வயதான ஷேன். மறைந்தவரின் மகன்! சாதாரண மனிதனுக்குள் இருக்கும் வீரத்தைப் பற்றிய 'மை ஹீரோ' என்ற பாட்டுக்கு அவன் டிரம்ஸ் வாசித்தான். வாசித்தான் என்பதைவிட, உள்ளே குமுறியதையெல்லாம் கைகளின் வழியே கொட்டித் தீர்த்தான் என்பதே பொருந்தும். கண்டோர் நெஞ்சமெல்லாம் கரைந்தது.

தந்தையை இழந்த பிள்ளைக்கு நாம் எத்தனையோ அறிவுரைகளை வழங்குகிறோம். தந்தையின் தோழர்கள் அவனுக்கு அன்று அறிவுரை வழங்கவில்லை. தங்கள் நடுவே ஓர் இடத்தை வழங்கினர். "உன் துயரமும் எங்கள் துயரமும் ஒன்றே, வா, சேர்ந்து சுமப்போம்" என்பதே அச்செயலின் பொருள்.

மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். ஹாக்கின்ஸின் உடலில் பலவகைப் போதைப்பொருள்களின் தடயங்கள் இருந்ததாக முதற்கட்டப் பரிசோதனைக்குப் பின் கொலம்பிய அதிகாரிகள் அறிவித்தனர். அவைதாம் மரணத்துக்குக் காரணம் என்று அப்போது கூறவில்லை. நினைவு மேடையை அந்த ஆராய்ச்சிக்கு எவரும் பயன்படுத்தவில்லை. அதேவேளை, ஆபத்தைக் கண்டும் காணாதது போல் இருந்துவிடவும் இல்லை. நிகழ்ச்சியின் வருவாய், அவருடைய குடும்பத்தார் தேர்ந்தெடுத்த இரு அறநிறுவனங்களுக்குச் சென்றது. போதைப் பழக்கத்தாலும் மனநோயாலும் வாடும் இசைக்கலைஞர்களுக்குக் கைகொடுக்கும் நிறுவனங்கள் அவை. மையித்து வீட்டுக்குப் போன இடத்தில், "எப்படி நடந்தது? முன்பே கவனித்திருக்கக் கூடாதா?" என்று குடைந்து குடைந்து கேட்கும் பழக்கம் நம்மிடையே இல்லையென்று சொல்ல முடியுமா? அக்கேள்விகளால் யாருக்கு ஆறுதல்?

அதே ஆண்டில் குரோல் தம் அன்னையையும் இழந்தார். பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றிப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய தாய் அவர். 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியான குழுவின் இசைத்தொகுப்பு அன்னைக்கும் தோழனுக்கும் காணிக்கையாக்கப்பட்டது. அதிலே தோழன் வாசித்திருக்க வேண்டிய டிரம்ஸைக் குரோல் தாமே வாசித்தார். 1994இல் செய்ததைப் போலவே துயரத்தை உழைப்பாக மாற்றினார்.

உங்கள் தெருவிலும் அண்மையில் தந்தையை இழந்த ஒரு பிள்ளை இருக்கலாம். முதல் மூன்று நாள்கள் வீடு நிறைய ஆட்கள் இருந்திருப்பார்கள். வெம்பிளி நிகழ்ச்சி நடந்தது மரணம் நிகழ்ந்து ஐந்து மாதங்கள் கழிந்த பின்னர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஐந்தாம் மாதத்தில் அந்தப் பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டுவோர் யார்? நீங்கள் தட்டுங்கள். அவன் வாப்பாவைப் பற்றி நீங்கள் அறிந்த நல்ல செய்தி ஒன்றை அவனிடம் சொல்லுங்கள். உங்கள் கடையிலோ தொழிலிலோ அவன் கைக்கேற்ற ஒரு வேலையைக் கொடுத்து அருகில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சினிடையே அவன் அழுதால் தடுக்காதீர்கள். அழுது முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள்.