கறுவாவின் பெயரைக் காத்த இரத்தப் பரிசோதனை

கறுவா வியாபாரத்தில் ஈடுபட்டுள்ள நமது சகோதரர்கள் 2023ஆம் ஆண்டின் கடைசி மாதங்களை இலகுவில் மறந்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சிறு பிள்ளைகளுக்கு வழமையாகச் செய்யப்படும் இரத்தப் பரிசோதனையில் சில பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் அதிகமாக இருப்பது தெரிய வந்தது. சுகாதார அதிகாரிகள் காரணத்தைத் தேடிச் சென்றார்கள். கடைசியில் அகப்பட்டது கறுவா கலந்த அப்பிள் கூழ்ப் பொதி. அதைச் சோதித்தபோது ஈயம் இருந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் மாத இறுதியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பொதுமக்களுக்குப் பகிரங்க எச்சரிக்கை விடுத்தது. பின்னர் பல மாநிலங்களிலும் பாதிக்கப்பட்டோரின் எண்ணிக்கை 500ஐத் தாண்டியது.

அந்தக் கூழ் எக்குவடோர் நாட்டில் தயாரானது. அங்கிருந்து எடுத்த ஒரு கறுவாத் தூள் மாதிரியில் கிலோவுக்கு 5110 மில்லிகிராம் ஈயம் இருந்தது. அப்போது சர்வதேச மட்டத்தில் ஆலோசிக்கப்பட்ட உச்ச வரம்போ கிலோவுக்கு வெறும் 2.5 மில்லிகிராம்தான்.

அந்தக் கறுவா எங்கிருந்து போனது தெரியுமா? நமது இலங்கையிலிருந்து! 2022 பெப்ரவரியில்தான் ஐரோப்பிய ஒன்றியம் 'சிலோன் சினமன்' என்ற பெயருக்குப் புவியியல் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியிருந்தது. அடுத்த ஆண்டே இப்படி ஒரு செய்தி. விசாரணை அரைகுறையாக நின்றிருந்தால் நமது கறுவாவின் கதி என்ன?

விசாரணை நிற்கவில்லை. இலங்கையிலிருந்து சென்ற, அரைக்கப்படாத கறுவாப் பட்டையை எக்குவடோர் அதிகாரிகள் சோதித்தார்கள். அதில் ஈயம் இல்லை. எக்குவடோரில் அதை அரைத்துத் தூளாக்கிய இடத்தில்தான் கலப்படம் நடந்திருக்க வேண்டும் என்று 2024 பெப்ரவரியில் அமெரிக்க நிர்வாகம் பகிரங்கமாக அறிவித்தது. நமது பெயர் தப்பியது.

தப்பியதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, பிள்ளைகளின் இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். மற்றது, கண்டுபிடித்ததை ஒளிக்காமல் படிப்படியாக வெளியிட்டார்கள். முதலாவது மட்டும் நடந்து இரண்டாவது நடக்காமல் இருந்திருந்தால் 'இலங்கைக் கறுவாவில் ஈயம்' என்ற அரைச் செய்தியே உலகெங்கும் சுற்றியிருக்கும்.

இதை வர்த்தகப் பக்கத்தில் எழுத வேண்டிய தேவை என்ன என்று சிலர் கேட்கலாம். காரணம் உண்டு.

எட்டியாந்தோட்டைப் பகுதியில் வாப்பாவின் காலத்திலிருந்து எங்களுக்குச் சில்லறைக் கடை. வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் தோட்டத்து மக்கள். கடன் கொப்பியில் எழுதிச் சாமான் எடுத்துச் சென்று, சம்பளம் கிடைத்ததும் கணக்குத் தீர்ப்பவர்கள். அரிசி, மா, தூள் வகை, பெயின்ட், அலுமினியச் சட்டி, பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் எல்லாம் எங்கள் கடையிலிருந்துதான் அவர்களுடைய லயத்துக்குப் போகின்றன.

2020இல் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு விலை வானத்துக்கு ஏறிய காலம். வெளியூர் வியாபாரி ஒருவர் மலிவு விலையில் மஞ்சள் தூள் கொண்டு வந்தார். நிறம் நன்றாக இருந்தது. பத்துக் கிலோ எடுத்தேன். இரண்டு வாரம் கழித்து தோட்டத்துத் தாய் ஒருவர் மிச்சத்தைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். "நானா, நெறம் மட்டும் நல்லா ஏறுது. வாசமே இல்லையே. புள்ளைங்களுக்குப் போட்டுக் குடுக்கப் பயமா இருக்கு" என்றார். காசைத் திருப்பிக் கொடுத்தேன். கடையில் மிஞ்சியதை வீசினேன். ஆனால், அதற்குள் ஆறு கிலோவுக்கு மேல் விற்றுத் தீர்ந்திருந்தது. அது வெறும் மாவும் நிறமுமா, அல்லது அதைவிட மோசமானதா என்பது இன்று வரை எனக்குத் தெரியாது. சாப்பிட்ட பிள்ளைகளின் இரத்தத்தை யாரும் சோதிக்கவில்லை.

ஈயம் என்றதும் பாத்திரத்துக்குப் பூசுவதை நினைக்க வேண்டாம். அது வெள்ளீயம். நான் சொல்வது காரீயம். பற்றரிக்குள் இருப்பது அதுதான். மஞ்சள், செம்மஞ்சள் நிறப் பெயின்டுகளுக்குச் சேர்க்கப்பட்டு வந்த ஈயக் குரோமேட்டும் அதிலிருந்து வருவதே. அதே நிறப்பொடியைத்தான் மஞ்சளுக்கு மெருகூட்டவும் சில நாடுகளில் கலந்தார்கள். பழைய இரும்புச் சாமானோடு கண்டதையும் உருக்கி வார்க்கும் அலுமினியச் சட்டிகளிலும் இது இருக்கலாம். கண்ணுக்கு இடும் சில வகைச் சுருமாக்களில் ஈய சல்பைட்டே மூலப்பொருள். நோன்புப் பெருநாள் காலத்தில் பெட்டி பெட்டியாகச் சுருமா விற்கும் நாம் இதை மனதில் கொள்ள வேண்டும்.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே, அது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும் என்பது 2021இல் அது வெளியிட்ட வழிகாட்டல். உலகப் பிள்ளைகளில் மூவரில் ஒருவருக்கு, அதாவது சுமார் 80 கோடிப் பேருக்கு, அந்த அளவோ அதற்கு மேலோ இருப்பதாக 2020இல் யுனிசெப் வெளியிட்ட அறிக்கை கூறியது.

இந்த நஞ்சு காய்ச்சலாகவோ இருமலாகவோ வெளியே தெரிவதில்லை. பிள்ளையின் மூளை வளர்ச்சியைத் தின்கிறது. படிப்பு ஏறாது, கவனம் நிற்காது. ஆசிரியர் 'மந்தமான பிள்ளை' என்பார், தாய் தன் விதியை நொந்து கொள்வார். இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளையின் உடல் ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். இரத்தசோகை தோட்டங்களின் நெடுநாள் பிரச்சினை என்பது நாம் அறிந்ததே. ஒரு தலைமுறையாவது படித்து லயத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று பாடுபடும் சமூகத்துக்கு இதைவிடப் பெரிய நட்டம் வேறென்ன?

நம் நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. பெயின்டிலும் விளையாட்டுப் பொருளிலும் ஈயத்துக்கு உச்ச வரம்பு விதித்து பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை கொண்டு வந்த விதி 2013 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால், அதற்கு முன் பூசிய பெயின்ட் பழைய சுவர்களிலிருந்தும் யன்னல்களிலிருந்தும் உரிந்து கொண்டுதான் இருக்கிறது. தவழும் பிள்ளையின் கை அதில் படுகிறது, பின்னர் அதே கை வாய்க்குப் போகிறது.

பாடசாலை வைத்தியப் பரிசோதனைக்காக தரம் 1, 4, 7, 10 மாணவர்களைச் சுகாதார அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள். நிறை, உயரம், கண், பல் எல்லாம் பார்க்கிறார்கள். இரத்தத்தில் ஈயம் பார்ப்பது அதில் இல்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துச் சில நிமிடங்களில் அளவு காட்டும் சிறு கருவிகள் உண்டு. அதில் அதிகமாகக் காட்டினால் நாளத்தில் இரத்தம் எடுத்து மறுபடி உறுதி செய்யலாம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப் பாடசாலைகள் சிலவற்றில் தரம் 1 பிள்ளைகளிடம் இதைத் தொடங்கச் சொல்லிக் கேட்பது பேராசை அல்ல.

நமது வர்த்தகர்களின் அச்சம் வேறு. 'பரிசோதனை செய்யட்டும், ஆனால் பேப்பரில் போட வேண்டாம், நம் கடைகள் மீது பழி விழும்' என்கிறார்கள். இந்த அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உணவில் கருத்தடை மாத்திரை கலந்ததாகப் பரவிய வதந்தி என்ன செய்தது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால், அந்தப் பொய்யை உடைத்தது எது? அது வெறும் மாப்பொருள் என்ற அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் முடிவு வெளியானதுதான். முடிவு வருமுன்பே கடையும் பள்ளியும் தாக்கப்பட்டு விட்டன. மூடி வைத்த இடத்தில்தான் வதந்தி முளைக்கிறது. முறையாக வெளியான முடிவு நேர்மையான வியாபாரிக்குக் கேடயம்.

பங்களாதேசத்தைப் பாருங்கள். மஞ்சளில் ஈயக் குரோமேட் கலப்பதை ஆய்வாளர்கள் பகிரங்கப்படுத்தினார்கள். அரசு சந்தையில் துண்டுப் பிரசுரம் கொடுத்து, குற்றம் செய்த மொத்த வியாபாரிகளுக்குத் தண்டம் விதித்து, அதையும் செய்தியாக்கியது. 2019இல் சந்தை மாதிரிகளில் 47 வீதத்தில் ஈயம் இருந்தது. 2021இல் ஒன்றிலும் இல்லை. மஞ்சள் வியாபாரம் அழியவில்லை, கலப்படம்தான் அழிந்தது.

எப்படி வெளியிடுவது என்பதில் நிதானம் தேவை. பிள்ளையின் பெயரோ வீடோ வெளியே வரக் கூடாது. பெற்றோருக்கு மட்டும் அவர்களுடைய மொழியில் சொல்ல வேண்டும். பொதுமக்களுக்கு, எத்தனை பிள்ளைகள் பரிசோதிக்கப்பட்டனர், எத்தனை பேருக்கு 5க்கு மேல் இருந்தது, காரணம் பெயின்டா, பாத்திரமா, தூளா என்பதைச் சொல்ல வேண்டும். பொருளின் பெயரை ஆய்வுகூடம் உறுதி செய்த பிறகே வெளியிட வேண்டும். குற்றமற்றது என்று தெரிந்தால் அதையும் அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டும். கறுவா விடயத்தில் நடந்தது அதுதான்.

நமது நகர வர்த்தக சங்கங்கள் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரியைச் சந்தித்து இதைக் கேட்கலாம். கருவிக்கான செலவில் ஒரு பங்கை ஏற்கவும் முன்வரலாம். அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். பற்றுச்சீட்டு இல்லாத மஞ்சள் தூளை வாங்காதிருப்போம். ஈய அளவு குறிக்காத பெயின்டைத் திருப்பி அனுப்புவோம். மூலப்பொருள் தெரியாத சுருமாவைப் பிள்ளைகளுக்கு விற்காதிருப்போம்.

அன்று மஞ்சளைத் திருப்பிக் கொண்டு வந்த தாய் இன்றும் எங்கள் வாடிக்கையாளர். அவருடைய கடைசிப் பிள்ளை அடுத்த வருடம் தரம் 1இல் சேருகிறது. அந்தப் பிள்ளையின் விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் அவருக்கு முன்பு நான் நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனெனில் அந்த வீட்டுக்குப் போன சாமான் எல்லாம் என் கொப்பியில்தான் எழுதப்பட்டிருக்கிறது.