ஸ்டாஷ்ங்கிற பரண்

மக்களே, இது பொட்டி தட்டுறவங்களுக்கான பதிவு. மத்தவங்க நேரா தறி வர்ற இடத்துக்குப் போயிரலாம்.

போன ஐப்பசியில பாளையம்பட்டி வீட்டுல உக்காந்து ஆணி புடுங்கிட்டு இருந்தேன். மூணு நாளா ஒரு பில்லிங் மாட்யூல்ல கை வச்சு எல்லாம் அரையும் குறையுமா கிடக்கு. அந்த நேரம் பார்த்து ஆபீஸ்ல இருந்து போன், புரொடக்‌ஷன்ல பிரச்சினை, உடனே பாருன்னு. நாமதான் பெரிய வித்தைக்காரனாச்சே, கிட் ஸ்டாஷ்னு ஒரு தட்டு தட்டினேன். மாத்தினதெல்லாம் மறைஞ்சு கோடு பளிச்சுன்னு ஆயிருச்சு. கோளாறைச் சரி பண்ணி புஷ் பண்ணிட்டுச் சாப்பிடப் போனேன்.

வெளியில மழை. எங்க கரிசக்காட்டுல மழை வந்தா பிளக்கைப் புடுங்கணும்னு யாருக்குத் தோணுது, திண்ணையில நின்னு வேடிக்கைதான் பார்ப்போம். ஒரே ஒரு இடி. லேப்டாப்பு, அதோட போர்டுலயே ஒட்டியிருந்த எஸ்எஸ்டி, எல்லாம் காலி.

அரை மணி நேரத்துல பண்ணின ஹாட்ஃபிக்ஸ் சர்வர்ல பத்திரமா இருக்கு. மூணு நாள் வேலை போயே போச்சு. அவ்வ்வ்.

பேக்கப் எடுக்காதது உன் தப்புன்னு சொல்லுவீங்க. ஒத்துக்கிறேன். ஆனா யோசிச்சுப் பாருங்க, நம்மள்ல முக்கால்வாசிப் பேருக்கு தினமும் பண்ற புஷ்தான் பேக்கப். ஸ்டாஷ்ல போட்டதை அந்த புஷ் சீண்டவே சீண்டாது.

இதுல வேடிக்கை என்னன்னா, ஸ்டாஷுக்குள்ள இருக்குறதும் கமிட்தான். நாம அடிச்ச உடனே கிட் கமிட்டாத்தான் எழுதி வைக்குது, ஆனா எந்த பிராஞ்சுலயும் சேர்க்காம, ரெஃப்ஸ்/ஸ்டாஷ்னு ஒரே ஒரு முளையில கட்டிப் போடுது. பழசெல்லாம் அதோட ரெஃப்லாக்ல தொங்குது. தெரியாம டிராப் அடிச்சுட்டா முளையும் போச்சு. எஃப்எஸ்சிகே வச்சுத் தேடிப் புடிக்கலாம், அதுவும் சாதாரணமா ரெண்டு வாரம் வரைக்கும்தான் நம்பலாம், அப்புறம் கிட்டே கூட்டித் தள்ளிரும். புதுசா உருவாக்கி இன்னும் ஆட் பண்ணாத ஃபைல் இருக்கே, அதை மைனஸ் யூ போடாம ஸ்டாஷ் தொடவே தொடாது.

2007ல 1.5.3 வெர்ஷன்ல இது வந்தப்போ சின்ன ஷெல் ஸ்கிரிப்ட். அஞ்சு நிமிஷ வேலைக்கு ஓரமா வைக்கிறதுக்கு அருமையான சாமான், குறை சொல்ல மாட்டேன். ஆனா நாம அதைப் பரணாக்கிட்டோம். உங்க மெஷின்ல ஸ்டாஷ் லிஸ்ட் அடிச்சுப் பாருங்க. வரிசையா ஏழெட்டு 'டபிள்யூஐபி ஆன் மாஸ்டர்' நிக்கும். எது என்னன்னு சத்தியமா உங்களுக்கே தெரியாது.

என் கட்சி இதுதான்: எழுந்து போய் ஒரு டீ குடிச்சுட்டு வர்ற நேரத்துக்கு மேல ஆகும்னா, ஸ்டாஷ் வேண்டாம். தனி பிராஞ்சு போட்டு, எல்லாத்தையும் ஆட் பண்ணி, 'அரைகுறை'ன்னே மெசேஜ் எழுதி, கமிட் பண்ணி புஷ் பண்ணிருங்க. திரும்பி வந்து ரீசெட் பண்ணியோ ஸ்குவாஷ் பண்ணியோ அழகாக்கிக்கலாம். 2015ல இருந்து வொர்க்ட்ரீ வேற இருக்கு, பக்கத்து ஃபோல்டர்ல மாஸ்டரை விரிச்சு ஹாட்ஃபிக்ஸ் பண்ணலாம், கையில இருக்குற வேலை அசையாது.

இது தெரியாமலா ஸ்டாஷ் அடிக்கிறோம்? கூச்சம்தான். அரைகுறை கோடை நாலு பேர் பார்த்துருவாங்களேன்னு.

அருப்புக்கோட்டைப் பக்கம் தறிச் சத்தம் கேட்டு வளந்தவன் நான். நெய்யுறவரு பாதியில ஒரு சாவு வீட்டுக்குக் கிளம்பினா, பாவை அறுத்துச் சுருட்டிப் பரண்ல போட மாட்டாரு. அரைச் சேலை தறியிலேயே கிடக்கும், போறவன் வர்றவன் எல்லாம் பார்ப்பான். எது வரைக்கும் நெய்திருக்கு, அடுத்து என்ன கலர்னு வீட்டுல இருக்குறவங்களுக்குப் பார்த்ததுமே தெரியும். சில நாள் அவரு திரும்பி வர்றதுக்குள்ள அந்தம்மாவே உக்காந்து ஒரு முழம் நெய்திருப்பாங்க.

போன மாசம் ஒரு கல்யாணத்துக்காக ஊருல நாலு நாள் மாட்டிக்கிட்டேன். பாதியில விட்ட வேலை 'அரைகுறை'ன்னு ஒரு பிராஞ்சுல கிடந்துச்சு. கூட வேலை பாக்குற தம்பி அதை எடுத்து முடிச்சு வச்சிருக்கான். ரெண்டு இடத்துல என் கோடையே மாத்தியிருந்தான். கடுப்பாத்தான் இருந்துச்சு. அதுல ஒரு இடத்துல அவன் பண்ணினதுதான் சரி.