மனிதரை வரைய எந்தப் புத்தகம் வாங்கலாம்?



சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மனிதரை வரைவதற்கும் ஒரு சுவர் வேண்டும். அதுதான் அளவு. கண், மூக்கு, நகை, பூ எல்லாம் அப்புறம்தான். அளவைச் சொல்லித் தராத ஓவியப் புத்தகம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வாங்கக் கூடாது என்பது என் கருத்து.

கடையிலும் திருவிழாவிலும் கிடைக்கும் புத்தகங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, புள்ளிகளைச் சேர்த்து வரைவது. இன்னொன்று, முடிந்த படத்தைக் கொடுத்து அதைப் பார்த்து வரையச் சொல்வது. இவற்றில் கை பழகும், கண் பழகாது. நடிகர் முகத்தை அச்சு அசலாக வரைகிறவரிடம், “எங்க ஆயா உட்கார்ந்து கீரை ஆயுறாங்க, அதை வரைஞ்சு குடு” என்று கேட்டுப் பாருங்கள். பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். ஏன்னா, ஆயா எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அப்போ நல்ல புத்தகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? புரட்டிப் பார்க்கும்போதே நாலு விஷயம் தேடுங்கள்.

1. தலையை வைத்து உடம்பை அளக்கச் சொல்கிறதா? வளர்ந்தவரின் உயரம் சாதாரணமாக அவர் தலையைப் போல் ஏழரை மடங்கு. ஒரு வயதுக் குழந்தைக்கு நான்கு மடங்குதான். பெரியவரைச் சின்னதாக வரைந்தால் அது குழந்தை ஆகிவிடாது! கண்கூட நெற்றிக்குப் பக்கத்தில் இல்லை, தலையின் நடுவில் இருக்கிறது.

2. படிப்படியாகக் காட்டுகிறதா? முதலில் குச்சி உருவம், பிறகு பெட்டியும் உருளையும், கடைசியில்தான் உடை.

3. உடம்பின் எடை எங்கே நிற்கிறது என்று சொல்கிறதா? இடுப்பில் தண்ணீர்க் குடம் வைத்தவர் எதிர்ப்பக்கம் சாய்ந்துதான் நடப்பார். நேராக வரைந்தால் அது காலிக் குடம்.

4. “புத்தகத்தை மூடு, ஆளைப் பார்த்து வரை” என்று பயிற்சி தருகிறதா?

இப்படி எழுதப்பட்ட புத்தகங்களில் பெயர் பெற்றது, அமெரிக்க ஓவியர் ஆண்ட்ரூ லூமிஸ் 1943-இல் வெளியிட்ட ‘ஃபிகர் டிராயிங் ஃபார் ஆல் இட்ஸ் வொர்த்’. ஆனால் அதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அதில் உள்ள எட்டுத் தலை உயர உருவம் அழகுக்காக வைத்த அளவு. நாம் அவ்வளவு இருக்க மாட்டோம். சந்தேகம் இருந்தால் ஸ்கேல் எடுத்து பக்கத்தில் இருப்பவரை அளந்து பாருங்கள்.

‘இது வெளிநாட்டுக்காரர் முறை, நமக்கு எதுக்கு?’ என்று சிலர் கேட்கலாம். நம் ஸ்தபதிகளும் முகத்தின் நீளத்தை ஒரு தாலம் என்று வைத்துத்தான் சிலை செய்கிறார்கள். ஒரு தாலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். அது ஸ்கேலில் உள்ள அங்குலம் இல்லை, முகத்தையே பன்னிரண்டாகப் பிரித்த பங்கு. பெருமாளுக்கும் சிவனுக்கும் பத்துத் தாலம், பிள்ளையாருக்கு ஐந்து தாலம். அதனால்தான் பிள்ளையார் குழந்தை மாதிரி தெரிகிறார். முறை நம்மிடமும் இருக்கிறது, கோயிலுக்குப் போனால் பார்க்கலாம்.

‘இங்கிலீஷ் புத்தகம் புரியாதே’ என்பது இன்னொரு கேள்வி. படங்கள் வரிசையாக இருந்தால் பாதி புரிந்துவிடும். மீதியை ஆங்கில ஆசிரியரிடம் கேட்டால் இங்கிலீஷும் வரும்!

இவற்றின் விலைதான் கஷ்டம். நம்மில் பல வீட்டில் வாங்க முடியாது. ஆகவே ஒரு வேண்டுகோள். பார்த்து வரையும் புத்தகம் பத்து வாங்கும் பணத்தில், முறை சொல்லித் தரும் புத்தகம் ஒன்றே ஒன்று நம் நூலகத்துக்கு வாங்கித் தாருங்கள். அதன் மேல் பேனாவால் கோடு போடாமல், கிழிக்காமல் காப்பது நம் பொறுப்பு.

நம் வகுப்பில் எத்தனையோ பேர், “எனக்கு டிராயிங் வராது” என்று முடிவு செய்துவிட்டார்கள். அவர்கள் கையில் ஒரு குறையும் இல்லை. கிடைத்த புத்தகம் சரியில்லை, அவ்வளவுதான். நல்ல புத்தகத்தில் பத்து நிமிடம் படிப்போம், மூடி வைப்போம், எதிரில் இருப்பவரைப் பார்ப்போம், வரைவோம்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி