சாதாரண சளி குழந்தைக்கு ஆஸ்துமாவாக மாறுமா? 289 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வகம் சொல்வது என்ன?

கைக்குழந்தைக்குச் சளி பிடித்து, மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் வந்தால், பெற்றோர் டாக்டரிடம் கேட்கும் முதல் கேள்வி, "இது ஆஸ்துமாவா ஆயிடுமா?" என்பதுதான். இந்தக் கேள்விக்கு நீண்ட காலமாக விடை தேடிவரும் குழுக்களில் ஒன்று, அமெரிக்காவின் மேடிசன் நகரில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

ராபர்ட் லெமான்ஸ்கி, ஜேம்ஸ் கெர்ன் ஆகிய குழந்தைகள் அலர்ஜி மருத்துவர்கள் 1998-ல் 'கோஸ்ட்' என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். தாய் அல்லது தந்தைக்கு அலர்ஜியோ ஆஸ்துமாவோ இருக்கும் குடும்பங்களில் பிறந்த 289 குழந்தைகள் இதில் சேர்க்கப்பட்டனர். வேலை கேட்க எளிமையானது, செய்யத்தான் கஷ்டம். குழந்தைக்குச் சளி பிடிக்கும்போதெல்லாம் மூக்கிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும், எந்த வைரஸ் என்று பார்க்க வேண்டும், பிறகு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

எந்த வைரஸ் மீது சந்தேகம்?

அதுவரை எல்லோரும் விரல் நீட்டியது ஆர்.எஸ்.வி. வைரஸை நோக்கித்தான். பச்சிளம் குழந்தைகளை மருத்துவமனையில் சேர்க்க வைக்கும் முக்கிய வைரஸ் அது. ரைனோவைரஸ் என்றால் வெறும் ஜலதோஷம், ஒரு வாரம் மூக்கு ஒழுகிட்டுப் போயிடும் என்பதுதான் பொதுவான நினைப்பு.

2008-ல் டேனியல் ஜாக்சனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவு இதை மாற்றியது. முதல் 3 வயதுக்குள் ஆர்.எஸ்.வி.யால் வீசிங் வந்த குழந்தைகளுக்கு, 6 வயதில் ஆஸ்துமா இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் 2.6 மடங்கு. ரைனோவைரஸால் வீசிங் வந்தவர்களுக்கு 9.8 மடங்கு. மூன்றாவது வயதில் ரைனோவைரஸ் வீசிங் வந்த 30 குழந்தைகளில் 26 பேருக்கு 6 வயதில் ஆஸ்துமா இருந்தது.

இந்த எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். இவர்கள் எல்லோரும் ஏற்கெனவே அலர்ஜி, ஆஸ்துமா உள்ள குடும்பத்துக் குழந்தைகள். சளி பிடிக்கும் எல்லா குழந்தைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

வைரஸ் காரணமா, காட்டிக்கொடுக்கும் அடையாளமா?

விவாதத்தின் மையமே இதுதான். வைரஸ் நுரையீரலைக் கெடுத்து ஆஸ்துமாவை உண்டாக்குகிறதா? இல்லை, ஏற்கெனவே பலவீனமாக இருக்கும் நுரையீரலை வெளியே காட்டிக்கொடுக்கிறதா? 2012-ல் அதே குழு எது முதலில் வருகிறது என்று பார்த்தது. அலர்ஜி முதலில் வந்து, அதற்குப் பிறகே ரைனோவைரஸ் வீசிங் அதிகரித்தது. தலைகீழாக நடக்கவில்லை. அதாவது வைரஸை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. அலர்ஜியும் வைரஸும் கூட்டு சேரும்போதுதான் சிக்கல் என்பதே இதுவரையிலான ஆதாரங்களோடு பொருந்தும் விளக்கம்.

ஆய்வகத்தில் வளர மறுத்த வைரஸ்

ரைனோவைரஸில் 160-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் 'சி' பிரிவு இருப்பதே 2006 வாக்கில்தான் தெரியவந்தது. 1950-களிலேயே ரைனோவைரஸைக் கண்டுபிடித்துவிட்டார்களே, இது மட்டும் எப்படித் தப்பியது? வழக்கமாக வைரஸ் வளர்க்கப் பயன்படும் செல்களில் இது வளரவே இல்லை. வளராத வைரஸை ஆராய முடியாது, மருந்தும் தேட முடியாது. ஆனால் குழந்தைகளுக்குக் கடுமையான வீசிங் தரும் வகைகளில் இது முக்கியமானது.

கெர்ன் ஆய்வகத்தின் யூரி போச்கோவ் இதற்கு ஒரு வழி கண்டார். சைனஸ் அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட திசுவை ஆய்வகத்தில் உயிரோடு வைத்து, அதில் சி வைரஸை வளர்த்துக் காட்டினார். அது 2011-ல் வெளியானது. அடுத்த கேள்வி, இந்த வைரஸ் செல்லுக்குள் எந்தக் கதவு வழியாக நுழைகிறது என்பது. வைரஸ் நுழையும் செல்களில் எந்த ஜீன் வேலை செய்கிறது, நுழையாத செல்களில் எது இல்லை என்று ஒப்பிட்டுத் தேடினார்கள். கிடைத்தது, சி.டி.எச்.ஆர்.3 என்ற புரதம்.

இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், அந்தப் பெயர் ஏற்கெனவே தெரிந்ததுதான். 2014-ல் டென்மார்க் ஆய்வாளர்கள், சிறு வயதில் கடும் ஆஸ்துமாவால் அடிக்கடி மருத்துவமனையில் சேரும் குழந்தைகளிடம் இதே ஜீனில் ஒரு மாற்றம் அதிகம் இருப்பதைக் கண்டிருந்தனர். ஏன் என்றுதான் புரியவில்லை. விஸ்கான்சின் குழுவின் 2015 ஆய்வு அதற்குப் பதில் சொன்னது. அந்த மாற்றம் உள்ள புரதத்தில் சி வைரஸ் அதிகமாக ஒட்டுகிறது, அதிகமாகப் பெருகுகிறது. எங்கோ இருந்த இரண்டு குழுக்களின் வேலை ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது.

சரி, தடுக்க முடியுமா?

ரைனோவைரஸுக்குத் தடுப்பூசி கிடையாது. இத்தனை வகை இருக்கும்போது எதற்கென்று போடுவது? ஆஸ்துமா வரும் அபாயமுள்ள 2, 3 வயது குழந்தைகளுக்கு முன்கூட்டியே 2 வருடம் ஸ்டீராய்டு இன்ஹேலர் கொடுத்தும் ஒரு ஆய்வு பார்த்தது. 2006-ல் வந்த முடிவு ஏமாற்றம்தான். மருந்து எடுக்கும்வரை தொல்லை குறைந்தது, நிறுத்தியபின் பலன் நிற்கவில்லை.

நம்பிக்கை தந்தது வேறொரு மருந்து. அதே பல்கலைக்கழகத்தின் வில்லியம் பஸ்ஸி தலைமையில் நடந்த ஆய்வில், அலர்ஜியைத் தூண்டும் ஐ.ஜி.இ.-ஐக் கட்டுப்படுத்தும் ஓமாலிசுமாப் ஊசி, நகர்ப்புறக் குழந்தைகள், இளைஞர்கள் 419 பேரிடம் சோதிக்கப்பட்டது. அமெரிக்காவில் செப்டம்பரில் பள்ளி திறந்ததும் சளி பரவும், ஆஸ்துமா தீவிரமாகிக் குழந்தைகள் மருத்துவமனைக்கு வருவது எகிறும். ஊசி போட்டவர்களிடம் அந்த ஏற்றம் பெருமளவு காணாமல் போனது. அலர்ஜியை அடக்கினால் வைரஸின் கை தளர்கிறது என்று இதைப் படிக்கலாம். ஆனால் இது ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்களுக்கான சிகிச்சை, ஆஸ்துமா வராமலே தடுக்கும் வழி அல்ல.

அந்த வழியைத் தேடி இப்போது மாட்டுப் பண்ணைகளுக்கும் போயிருக்கிறார்கள். பால் பண்ணைகள் நிறைந்த விஸ்கான்சினில், மாடுகளோடு வளரும் குழந்தைகளையும் மற்ற குழந்தைகளையும் பிறப்பிலிருந்தே ஒப்பிடும் ஆய்வு நடக்கிறது. பண்ணைச் சூழலில் உள்ள எது குழந்தையின் நோய் எதிர்ப்பைப் பழக்குகிறது என்று கண்டால், அதை மட்டும் பிரித்தெடுத்து மற்ற குழந்தைகளுக்கும் கொடுக்க முடியுமா என்பதே அவர்கள் எண்ணம்.