கொடியைப் பிடுங்கக் காசு: பிரெஞ்சு வைன் குடும்பங்களின் ஐந்தொகை

பயிரை நடுவதற்கு அரசு மானியம் கொடுப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பிடுங்குவதற்கு மானியம் கொடுப்பதை எம்மில் பலர் பிரான்சுக்கு வந்த பிறகுதான் காண்கிறோம்.

2025 நவம்பரில், திராட்சைக் கொடிகளை நிரந்தரமாக அகற்றுவதற்கு 130 மில்லியன் யூரோ ஒதுக்குவதாகப் பிரெஞ்சு அரசு அறிவித்தது. இது முதற்தடவை அல்ல. 2023இல் போர்தோ பகுதிக்கு மட்டும் ஒரு திட்டம் வந்தது: 9,500 ஹெக்டேயர், ஹெக்டேயருக்கு 6,000 யூரோ, மொத்தம் 57 மில்லியன். 2024இல் நாடு முழுவதற்கும் இன்னொரு திட்டம்: ஹெக்டேயருக்கு 4,000 யூரோ, மொத்தம் 120 மில்லியன். இவற்றுக்கிடையில் 2023 கோடையில், விற்பனையாகாமல் தேங்கிய வைனை வடித்துத் தொழிற்சாலை அற்ககோலாக மாற்றுவதற்கு 200 மில்லியன் ஒதுக்கப்பட்டது.

ஏன் இந்த நிலை? காரணங்கள் பத்திரிகைகளில் தினமும் வருகின்றன. 1960களில் பிரான்சில் தலைக்கு ஆண்டுக்கு 100 லீற்றருக்கும் அதிகமாக வைன் குடித்தார்கள். இன்று அது 40 லீற்றர் அளவுக்கு இறங்கிவிட்டது. இளைய தலைமுறை மதியச் சாப்பாட்டோடு சிவப்பு வைன் குடிப்பதில்லை. ஒரு காலம் போர்தோவை அள்ளி வாங்கிய சீனா இப்போது குறைவாக வாங்குகிறது. 2025 ஓகஸ்டில் அமெரிக்கா ஐரோப்பிய வைனுக்கு 15 வீத வரி விதித்தது. மேலே காலநிலை: 2021 ஏப்ரல் உறைபனி, 2023இல் மழையோடு பரவிய பங்கசு நோய், 2025 ஓகஸ்டில் கொர்பியேர் மலைப்பகுதியில் 16,000 ஹெக்டேயரை எரித்த தீ.

வைன் எங்கள் வீட்டுப் பானம் அல்ல. எம்மில் பலர் அந்தப் போத்தலை முதலில் தொட்டது பாரிஸ் உணவகங்களின் கழுவும் மேசையில்தான். குடியை வாழ்த்துவதும் எமது நோக்கம் அல்ல. ஆனால் இந்தச் செய்திக்குள் காணி இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, ஊரில் நின்றவர் யார், வெளியே போனவர் யார் என்ற கேள்வி இருக்கிறது. அதனால்தான் இதைக் கணக்குப் பார்க்கும் கண்ணோடு பார்க்க விரும்புகிறோம்.

ஒரு ஹெக்டேயரின் கணக்கு

போர்தோவில் மொத்த வியாபாரத்துக்கு ஒரு பழைய அளவை உண்டு. அதன் பெயர் தொனோ. ஒரு தொனோ 900 லீற்றர், அதாவது 1,200 போத்தல். கடந்த சில ஆண்டுகளில் சாதாரண போர்தோ சிவப்பு வைனின் ஒரு தொனோ 700 யூரோவுக்கும் கீழே விலைபோன நாட்கள் இருந்தன. 700 என்றே வைப்போம். ஒரு போத்தல் அளவுக்கு 58 சதம். போத்தலும் தக்கையும் அட்டைப்பெட்டியும் இதில் இல்லை, வெறும் வைனின் விலை.

ஒரு ஹெக்டேயரில் 4,000 லீற்றர் எடுத்தால் ஏறக்குறைய நாலரைத் தொனோ. வரவு 3,100 யூரோ. அது இலாபம் அல்ல, மொத்த வரவு. அதற்குள் ஆண்டு முழுவதும் கவ்வாத்து, களை, மருந்து, டீசல், அறுவடைக் கூலி, வங்கிக் கடன் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது என்பது அங்குள்ள எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் அரசு கொடுக்கும் 4,000 யூரோவை வைத்துப் பாருங்கள். ஒரு ஆண்டு பாடுபட்டு எடுப்பதைவிடப் பிடுங்கி எடுப்பது அதிகம். 2024 திட்டத்துக்கு 27,000 ஹெக்டேயருக்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்தது இதனால்தான்.

ஆனால் இந்த 4,000 ஒரு தடவை மட்டும் வருவது. புதுக்கொடி நட்டால் நல்ல அறுவடைக்கு மூன்று நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும், பிறகு அது முப்பது நாற்பது ஆண்டு நிற்கும். பெறுமானத் தேய்வுப் பட்டியலில் கொடி இயந்திரம்போல ஒரு வரியில் வரும். உண்மையில் அது இயந்திரம் அல்ல. எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த வரிசை உறைபனிக்கு முதலில் கருகும் என்று அறிந்த ஒரு ஆளும் அந்த வரியோடு சேர்ந்து அழிக்கப்படுகிறார். ஐந்தொகையில் அவருக்கு இடம் இல்லை.

நானூறு ஆண்டு நின்ற ஒரு குடும்பம்

எல்லோரும் விழவில்லை. சென் எமிலியோனுக்குக் கிழக்கே, அதே சுண்ணாம்புக்கல் மேட்டில், செந் சிபார் என்ற சிற்றூரில் ஷத்தோ லு புய் என்ற தோட்டம் இருக்கிறது. அமொரோ குடும்பம் 1610 முதல் அங்கே இருக்கிறது. அந்த மண்ணில் செயற்கை உரமோ களைநாசினியோ ஒருபோதும் போட்டதில்லை என்று குடும்பத்தினர் சொல்கிறார்கள். காணி முழுவதையும் கொடியால் நிரப்பாமல் காட்டையும் குளத்தையும் புல்வெளியையும் விட்டுவைத்திருக்கிறார்கள். சில துண்டுகளைக் குதிரையால் உழுகிறார்கள். பழத்தோலில் இயல்பாக இருக்கும் ஈஸ்டாலேயே சாறு புளிக்கிறது. பிறகு பழைய மரப்பீப்பாக்களில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு கிடக்கிறது.

படிக்க அழகாக இருக்கிறது. கணக்காளரின் மேசையில் இதன் பொருள் வேறு. இரண்டு ஆண்டு பீப்பாவில் கிடப்பது என்றால் இரண்டு ஆண்டு விளைச்சல் பணமாகாமல் இருப்பாக முடங்கியிருக்கிறது. அந்த இருப்புக்கு வங்கி கடன் தரும், ஆனால் வட்டி கேட்கும். கொடி நடாத காணி என்றால் வருமானம் தராத சொத்து. குதிரை என்றால் கூலி. ஒரு கொம்பனியின் பங்குதாரர் இவற்றை அடுத்த கூட்டத்திலேயே வெட்டச் சொல்லியிருப்பார். குடும்பம் வெட்டவில்லை. காரணம் குடும்பத்தின் கணக்காண்டு டிசம்பர் 31இல் முடிவதில்லை.

இந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு செய்தி முக்கியமானது. 'கடவுளின் துளிகள்' என்ற பொருள்படும் பெயர்கொண்ட யப்பானியப் படக்கதையை 2009இல் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது, லு புய்யின் 2003ஆம் ஆண்டு வைன் அதில் இடம்பெற்றது. கேள்வி எகிறியது, விலையும் ஏறியது. குடும்பமோ ஊக வியாபாரிகளின் கையில் தங்கள் வைன் சிக்கக்கூடாது என்று அந்த ஆண்டுப் போத்தல்களின் விற்பனையை நிறுத்தியது. விலை ஏறும்போது விற்காமல் விடுவது வணிகப் பாடத்தில் நாம் படிக்காத விடயம். ஆனால் ஒரு வாடிக்கையாளரின் மகனும் பேரனும் வாங்க வேண்டும் என்று நினைக்கும் ஒருவருக்கு அது பைத்தியம் அல்ல.

'இயற்கை' என்ற சொல்லின் விலை

இங்கே ஒரு மயக்கத்தையும் களைய வேண்டும். இயற்கை முறை என்றால் மருந்தே இல்லை என்று எம்மவர் பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. செயற்கை இரசாயனம் இல்லை, அவ்வளவுதான். 1880களில் மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் மெடொக் பகுதியில் நடந்தபோது, வீதியோரக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாததைக் கவனித்தார். வழிப்போக்கர் பழம் பிடுங்காமல் இருக்க அவற்றுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் போர்தோ கலவை. யாழ்ப்பாணத்தில் முந்திரிகைப் பந்தல் வைத்திருந்த எங்கள் பெரியவர்கள் 'போடோக் கலவை' என்று சொன்னது இதைத்தான்.

இயற்கை விவசாயிக்கு இன்றும் முக்கிய ஆயுதம் இந்தச் செம்புதான். ஆனால் செம்பு மண்ணில் அழியாமல் சேரும் உலோகம். அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஹெக்டேயருக்கு 28 கிலோ, அதாவது ஆண்டுக்குச் சராசரி 4 கிலோ என்று எல்லை வகுத்திருக்கிறது. செம்பு இலையின் மேல் மட்டும் நிற்கும், மழை கழுவினால் மறுபடி தெளிக்க வேண்டும். 2023போல மழையும் வெப்பமும் கூடி வரும் ஆண்டில் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வயலில் இறங்க வேண்டும். எட்டு மணி நேரச் சம்பளத்துக்கு வருபவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. காணிக்காரரும் மனைவியும் பிள்ளைகளும்தான் இறங்குவார்கள்.

பிரான்சின் திராட்சைக் காணியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இன்று இயற்கை முறையில் அல்லது அதற்கு மாறும் நிலையில் இருக்கிறது. மாறுவதற்கு மூன்று ஆண்டு. அந்த மூன்று ஆண்டும் செலவு இயற்கை முறைக்குரியது, விலை சாதாரண வைனுக்குரியது. ஒன்றியம் 'இயற்கை வைன்' என்று போத்தலில் எழுத அனுமதித்ததே 2012இல்தான். அதுவரை 'இயற்கைத் திராட்சையில் செய்த வைன்' என்று மட்டுமே எழுதலாம். இப்போது விலைச் சரிவில் அகப்பட்ட சிலர் அந்தச் சான்றிதழையே கைவிடுகிறார்கள். அரசின் பிடுங்கல் காசு இயற்கைத் தோட்டத்துக்கும் மருந்தில் குளித்த தோட்டத்துக்கும் ஒரே தொகை. எமது முதன்மையான விமர்சனம் இதுதான். திட்டம் ஹெக்டேயரை எண்ணுகிறது. எதை இழந்தால் மீண்டும் பெற முடியாது என்பதை எண்ணவில்லை.

எழுதப்படாத சம்பளம்

குடும்பத் தோட்டத்தைப் புகழ்பவர்கள் ஒன்றை மறைக்கிறார்கள். அது பெரும்பாலும் எழுதப்படாத சம்பளத்தில் நிற்கிறது. எம்மவரின் கடைகளிலும் இதே கதைதான். கணவனின் பெயரில் பதிவு, மனைவி காலை எட்டுக்குக் கடை திறந்து இரவு பத்துக்குப் பூட்டுகிறார், கணக்கில் அவர் இல்லை. ஓய்வூதிய வயதில்தான் அந்த வெற்றிடம் தெரிகிறது. பிரெஞ்சுச் சட்டம் இப்போது கொஞ்சம் கண்டிப்பாக இருக்கிறது. 'உதவும் துணைவர்' என்ற குறைந்த உரிமையுள்ள நிலையில் ஒருவர் ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்க முடியாது என்று 2022 முதல் விதித்திருக்கிறது. பிறகு சம்பளம் கொடுக்க வேண்டும், அல்லது பங்காளியாக்க வேண்டும்.

அடுத்தது வாரிசுரிமை. நெப்போலியனின் 1804 சட்டத்தொகுப்பு முதல் பிள்ளைகளுக்கிடையே சமபங்கு என்பதே அடிப்படை. நியாயமான சட்டம்தான். ஆனால் மூன்று பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில், ஒருவர் பாரிசில், ஒருவர் மொன்றியலில் என்றால், தோட்டத்தில் நின்றவர் மற்ற இருவரின் பங்கை எந்தப் பணத்தில் வாங்குவார்? பொய்யாக்போல் புகழ்பெற்ற ஊரில் ஒரு ஹெக்டேயர் இருபது இலட்சம் யூரோவைத் தாண்டும். வரியும் பங்கும் காணியின் சந்தை விலையில் கணிக்கப்படும், அது தரும் வருமானத்தில் அல்ல. அதனால்தான் அங்கே காப்புறுதிக் கொம்பனிகளும் ஆடம்பரப் பொருள் நிறுவனங்களின் உரிமையாளர்களும் ஷத்தோக்களை வாங்கியிருக்கிறார்கள். மறுபுறம் சாதாரண போர்தோக் காணி ஹெக்டேயர் பத்தாயிரம் யூரோவுக்கும் கீழே விழுந்துவிட்டது, வாங்க ஆள் இல்லை. விலை ஏறினாலும் குடும்பம் விற்கிறது, இறங்கினாலும் பிடுங்குகிறது.

நிற்கும் குடும்பங்கள் எப்படி நிற்கின்றன? காணியைத் துண்டாடாமல் ஒரு காணிக் கூட்டமைப்பின் பெயரில் வைக்கிறார்கள். பிள்ளைகள் எல்லோரும் அதில் பங்குதாரர். உழுபவர் நீண்டகாலக் குத்தகை எடுத்து மற்றவர்களுக்கு அளவான வாடகை கொடுக்கிறார். தொழிலைக் கைமாற்றும்போது, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு விற்கமாட்டோம் என்று உறுதி கொடுத்தால், 'டுத்ரெய் உடன்படிக்கை' மூலம் அதன் பெறுமதியில் 75 வீதம் வரியிலிருந்து விலக்கப்படுகிறது. வெளியே யாருக்காவது விற்கப் போனால், 1960 சட்டத்தால் உருவான சஃபேர் என்ற காணி அமைப்பு குறுக்கிட்டுத் தானே முதலில் வாங்கும் உரிமை கொண்டது.

இந்த முதல் உரிமை எமக்குப் புதிதல்ல. தேசவழமைச் சட்டத்தில் காணியின் கூட்டுப்பங்காளிக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. வெளியாருக்கு விற்குமுன் அவருக்குச் சொல்ல வேண்டும். ஆனால் எமது காணிகளின் இன்றைய நிலை என்ன? ஐந்து பிள்ளைகள் நான்கு நாடுகளில். உறுதி ஒருவரிடம், திறப்பு ஒருவரிடம், ஊரில் நின்று வேலி அடைத்து வரியும் கட்டிய அக்காவின் பெயர் எதிலும் இல்லை. அவர் இருபது ஆண்டு பார்த்ததை நாம் 'சும்மா இருந்தார்' என்று சொல்கிறோம். விலை ஏறியதும் எல்லோருக்கும் சமபங்கு நினைவுக்கு வருகிறது.

அமொரோ குடும்பத்தின் நானூறு ஆண்டு எமக்கு இல்லை. போர் எமது தொடர்ச்சியை அறுத்தது, நாம் விரும்பி விட்டு வரவில்லை. அதனால் அவர்களோடு எம்மை ஒப்பிட்டு வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் அவர்களிடமிருந்து கணக்கு முறை ஒன்றைக் கற்கலாம். நின்றவரின் உழைப்புக்கு முதலில் ஒரு தொகை எழுத வேண்டும், பங்கு அதற்குப் பிறகுதான். காணியை விற்பதா வைப்பதா என்பதை ஒருவர் இறந்த பிறகு அல்ல, எல்லோரும் உயிரோடு இருக்கும்போதே எழுத்தில் முடிவு செய்ய வேண்டும்.

பிரெஞ்சு அரசு தன் காசைப் பிடுங்குவதற்கு மட்டும் வைத்திராமல், தோட்டத்தை ஏற்க வரும் ஒரு மகளுக்கோ மருமகனுக்கோ முதல் சில ஆண்டு கைகொடுக்கவும் திருப்பியிருக்கலாம். அதை முடிவு செய்வது பாரிசும் பிரசெல்சும். எங்கள் காணிகளுக்கு அப்படி ஒரு அமைச்சு இல்லை. இந்தக் கோடையில் ஒரு கலியாணத்துக்கோ அந்தியேட்டிக்கோ சகோதரர்கள் ஒரே மண்டபத்தில் கூடும்போது, சாப்பாடு முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்கி அந்த உறுதியை மேசையில் விரித்துப் பாருங்கள். ஊரில் நிற்பவரையும் தொலைபேசியில் கூப்பிடுங்கள்.