பில் இல்லாமல் வாங்கிய மைக்

இந்த ஊரில் இருபத்திரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். வீடு செம்பூரில். பிழைப்பு கோட்டைப் பக்கம் ஓர் ஆடிட் ஆபீசில் ஆணி பிடுங்குவது. சனிக்கிழமை மாலைகளில் மாட்டுங்காவில் நாலு பேர் கூடிக் காபி குடிப்போம். அந்தக் கூட்டத்தில் எதைக் கேட்டாலும் பதில் உண்டு. பிரிட்ஜ் எங்கே வாங்குவது, பெண்ணை எந்தக் காலேஜில் சேர்ப்பது, முழங்கால் வலிக்கு எந்த டாக்டர், எல்லாவற்றுக்கும் ஒரு வரியில் தீர்ப்பு வந்து விழும். கொஞ்ச நாளாக அந்த வரிசையில் இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "வாய்ஸ் ஓவர் பண்ண மைக் வேணும், எங்க வாங்கலாம்?"

தீர்ப்பு: "லாமிங்டன் ரோடு போ. பில் கேக்காத. பதினெட்டு பர்சென்ட் மிச்சம்."

இந்த ஒரு வரியால் தாராவியில் ஒரு குடும்பத்தின் சீட்டுப் பணம் போன கதை எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு சூடாக எழுதுகிறேன். அந்தத் தீர்ப்பைச் சொன்னவர்களில் அடியேனும் ஒருவன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கோபத்தில் பாதி என் மேலேயே.

முதலில், நம் பிள்ளைகளுக்கு மைக் எதற்கு? இந்த ஊரில் ஹிந்தியில் எடுக்கிற விளம்பரத்துக்குத் தமிழ்க் குரலை இங்கேயே தேடுகிறார்கள். கம்பெனிகளின் பயிற்சி வீடியோ, பேங்குக்குப் போன் செய்தால் "தமிழுக்கு மூன்றை அழுத்தவும்" என்கிற குரல், ஒலிப்புத்தகம் என்று வேலைக்கு வகை நிறைய. ஹிந்தியில் டைரக்டர் சொல்வதைப் புரிந்துகொண்டு, மராத்தி வாட்ச்மேனிடம் வழி கேட்டுப் போய், தமிழில் சுத்தமாகப் பேசத் தெரிந்த பிள்ளை தாராவியிலும் செம்பூரிலும் இருக்கிற மாதிரி வேறெங்கே இருக்கும்? 2020 லாக்டவுனுக்குப் பிறகு "வீட்டிலேயே பதிவு செய்து அனுப்புங்கள்" என்பதும் சகஜமாகிவிட்டது. அங்கே பிடித்தது இந்த மைக் பைத்தியம்.

சரி, கதைக்கு வருவோம்.

தாராவியில் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் இட்லி வியாபாரம் செய்கிறார். எங்கள் திருநெல்வேலிச் சீமைக்காரர். ராத்திரி மூன்று மணிக்கு அடுப்புப் பற்றவைத்து, விடிவதற்குள் சைக்கிளில் தூக்கு மாட்டிக் கிளம்பிவிடுவார். பத்துக்குப் பத்து அறை, மேலே தகரம், மூலையில் கிரைண்டர். அவர் மகளுக்குக் குரல் அப்படி ஒரு குரல். போனில் பேசி அனுப்பிய சாம்பிளை வைத்தே ஒரு பயிற்சி வீடியோ கம்பெனி அவளை எடுத்துக்கொண்டது. "சரியான மைக் வாங்கிக்கொள்ளுங்கள், மாசம் இரண்டு மூன்று வேலை வரும்" என்றார்கள். அண்ணாச்சி என்னிடம் கேட்டார். நான் மேற்படி தீர்ப்பைச் சொன்னேன். கூட வரவில்லை. ஆபீசில் மார்ச் மாசத்து ஆணி.

சீட்டு எடுத்த பணத்தில் ரூ. 27,500 கொடுத்து வாங்கி வந்தார்கள். கண்டென்சர் மைக், ஸ்டாண்ட், வாய்க்கு முன்னால் வைக்கும் வலை, ஒரு சின்ன சவுண்ட் கார்டு, சுவரில் ஒட்டக் கறுப்பு நுரை இருபத்து நாலு துண்டு. "பில்லு எதுக்கு தம்பி, தெரிஞ்ச ஆளு கடை. ஏமாத்த மாட்டாங்க" என்றார் அண்ணாச்சி.

முதல் வேலை அனுப்பினாள், திரும்பி வந்தது. இரண்டாவதும் திரும்பி வந்தது. மூன்றாவது வேலை வரவேயில்லை.

போய்ப் பார்த்தேன். அந்த மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுக்க வேண்டும். 'பேன்டம் பவர்' என்பார்கள், ஒலிக்கருவியிலிருந்து கேபிள் வழியாகவே மைக்குக்குப் போவது. இவர்களுக்குக் கொடுத்திருந்த கார்டில் அந்த வசதியே கிடையாது. லேப்டாப் கொடுக்கிற சொற்ப வோல்டேஜில் மைக் பட்டினி கிடந்து உஸ்ஸென்று இரைந்தது. அதையும் மீறிக் கேட்டது பக்கத்து வீட்டு டி.வி., சயன் பக்கம் போகிற லோக்கல் ரயில், கீழே கோலிக்குண்டு விளையாடும் பசங்கள். "மாமா, என் வாய்ஸ் நல்லால்லைனு நெனச்சுட்டாங்களோ?" என்று அந்தப் பெண் கேட்டாள். என்ன பதில் சொல்ல?

கடைக்குத் திரும்பப் போனோம். "எங்க கடையில வாங்கினதுதான்னு என்ன அத்தாட்சி?" இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவன் பில்லில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

பில் இல்லாததால் மிச்சம் என்கிறோமே, அதன் கணக்கு என்ன? பதினெட்டு பர்சென்ட் வரியை நாம் கொடுக்கவில்லை, சரி. கூடவே வாரண்டியையும், மாற்றிக் கேட்கும் உரிமையையும், கன்ஸ்யூமர் கோர்ட்டையும் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறோம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். 1915-க்குப் போன் செய்தும் புகார் சொல்லலாம். "தொழிலுக்கு வாங்கினதுக்குச் செல்லாதே" என்று மாட்டுங்காவில் ஒரு வக்கீல் (வக்கீல் இல்லை, வக்கீல் மாதிரி பேசுவார்) சொன்னார். தப்பு. சொந்தக் கையால் பிழைக்கிறவர் தன் பிழைப்புக்காக வாங்கினால் சட்டம் அவரையும் நுகர்வோராகத்தான் பார்க்கிறது. ஆனால் வாங்கியதற்குக் காகிதம் வேண்டுமே சாமி. தொழில் வருமானத்துக்கு வரவு செலவு எழுதும்போது மைக்குக்குத் தேய்மானம் காட்டவும் அதே காகிதம்தான் வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, கண்ணாலேயே பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து முறையாக வந்த பெட்டியில் இறக்குமதி செய்தவரின் பெயர், விலாசம், எம்.ஆர்.பி., தயாரித்த மாசம், வருஷம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் குறுக்கு வழியில் வந்த சரக்கு, இல்லாவிட்டால் போலி. ஷூர் கம்பெனியின் எஸ்.எம். 58 என்று ஒரு மைக். 1966-லிருந்து உலகம் பூராவும் மேடைகளில் இருக்கிறது. அதற்கு இருக்கிற போலிகளைக் கணக்கெடுக்க முடியாது, கம்பெனியே எச்சரிக்கை விட்டுக்கொண்டிருக்கிறது. கையில் வாங்கிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவேன் என்கிறவர்களுக்கு ஒரு கும்பிடு. என்னால் முடியாது.

நிற்க. லாமிங்டன் ரோட்டைத் திட்டுவதாக நினைக்க வேண்டாம். பம்பாய் கவர்னராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயர் போய் டாக்டர் பட்கம்கர் மார்க் ஆகி எத்தனையோ காலமாயிற்று, ஆனாலும் ஊர் வாயில் அது லாமிங்டன் ரோடுதான். கேபிள், கனெக்டர், ஸ்டாண்ட், அடாப்டர் என்று வாங்க அதற்கு ஈடு கிடையாது. எத்தனை அடி என்று சொன்னால் கண் முன்னாலேயே கேபிளை வெட்டிப் பற்றவைத்துக் கொடுக்கிற கைகள் அங்கே இருக்கின்றன. முறையாகப் பில் போடும் கடைகளும் அதே தெருவில் உண்டு. நான் திட்டுவது தெருவை இல்லை. பில் போடவா என்று கேட்கும் கடைக்காரரிடம் "வேண்டாம், குறைச்சுக்கோங்க" என்கிற நம் நாக்கைத்தான் திட்டுகிறேன்.

அடுத்த கோஷ்டி, "துபாய் மச்சான் வரும்போது கொண்டு வருவான்." மச்சான் கொண்டு வருவார். அவர் பெட்டியில் இடம் இருந்தால், கஸ்டம்ஸில் கேட்காமல் இருந்தால். பல கம்பெனிகளின் வாரண்டி வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். ரிப்பேர் என்றால் மைக் மறுபடி மச்சானோடு விமானம் ஏற வேண்டும்.

ஆன்லைன்? விற்பவர் யார் என்று பார்த்து, கம்பெனியின் அங்கீகார டீலர்தானா என்று கம்பெனியிடமே விசாரித்து, திருப்பி எடுப்பார்களா என்று படித்து வாங்கினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நட்சத்திரம் எத்தனை என்று பார்த்து வாங்காதீர்கள்.

எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வருவது நாலாவது கோஷ்டி மேல். ஐந்து நாளில் குரல் கலைஞர் ஆக்குகிறேன் என்று வகுப்பு நடத்தி, கடைசி நாள் ஒரு பெட்டியைத் தலையில் கட்டுகிறார்களே, அவர்கள். எல்லோருக்கும் ஒரே பெட்டி. செம்பூரில் நாலாவது மாடி ஏ.சி. அறைக்கும் அதே மைக், தாராவியில் தகரக் கூரைக்கும் அதே மைக். செருப்புக் கடையில்கூடக் கால் அளவு கேட்பார்கள்.

அறைதான் முதல் கருவி. மற்றதெல்லாம் அப்புறம். ஒலிப்புத்தகத்துக்கு அமேசானின் ஏ.சி.எக்ஸ். வைத்திருக்கும் விதி ஒரு நல்ல அளவுகோல்: பேசாமல் இருக்கும்போது பதிவாகும் இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும். கிரைண்டர் ஓடும் வீட்டில் எத்தனை லட்சத்துக்கு மைக் வாங்கினாலும் அது நடக்காது. சுவரில் ஒட்டும் நுரை வெளிச் சத்தத்தைத் தடுக்கவே தடுக்காது, அறைக்குள் எழும் எதிரொலியைக் கொஞ்சம் உறிஞ்சும், அவ்வளவுதான். அந்த வேலையைக் கனமான ரஜாய் இரண்டைக் கயிற்றில் தொங்கவிட்டால் அதுவே செய்யும். முட்டை அட்டை ஒட்டுகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை :-)

எங்கள் வீட்டுத் தங்கமணியும் இந்த வேலை செய்கிறவர்தான். துணி அலமாரியைத் திறந்து வைத்து, புடவைகளைப் பார்த்துப் பேசுவார். நல்ல சுத்தமாகப் பதிவாகும். எனக்குத்தான் அந்த நேரத்தில் ஃபேன் கிடையாது.

இரைச்சலான இடத்துக்கு டைனமிக் மைக் நல்லது என்பார்கள். அதுவும் பாதி உண்மை. டைனமிக் மைக் மாயமாக வெளிச் சத்தத்தை வடிகட்டுவதில்லை. அதற்கு உணர்திறன் குறைவு என்பதால் நாம் நாலு விரல் தூரத்துக்கு நெருங்கிப் பேசுகிறோம், குரல் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் விழுகிறது. அதன் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்க ஓரளவு நல்ல கருவி வேண்டும், மலிவான கார்டு என்றால் அதுவே இரையும். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்காத கடையில் ஏன் வாங்க வேண்டும்?

எனவே என் கட்சி இது. வாங்குவதற்கு முன் உங்கள் அறையில் போனிலேயே ஒரு நிமிஷம் சும்மா இருந்து பதிவு செய்யுங்கள், ஒரு நிமிஷம் எதையாவது வாசியுங்கள். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. அதை எடுத்துக்கொண்டு ஒலிக்கருவிக்கென்றே இருக்கிற கடைக்குப் போங்கள். தோபி தலாவில் 1865-லிருந்து ஃபுர்டாடோஸ் இருக்கிறது, வேறு கடைகளும் இருக்கின்றன, யாருக்கும் நான் விளம்பரம் செய்யவில்லை. "இதுதான் என் வீடு, இதுக்கு என்ன மைக்?" என்று கேளுங்கள். காது கொடுத்துக் கேட்டுவிட்டு, இரண்டு மைக்கில் உங்கள் குரலையே பதிந்து உங்கள் போனுக்கு அனுப்பிக் கொடுக்கிற கடைக்காரர் ஆயிரம் ரூபாய் அதிகம் சொன்னாலும் வாங்குங்கள். கொடுக்க மாட்டேன் என்றால், கடை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் படி இறங்கிவிடுங்கள். எங்களுக்கு மூன்றாவது கடையில்தான் அப்படி ஓர் ஆள் கிடைத்தார்.

ஆமாம், அண்ணாச்சி மகளுக்கு மறுபடி வாங்கினோம். ஒரு டைனமிக் மைக், 48 வோல்ட் வசதியுள்ள ஒரு சின்னக் கருவி, பில்லோடு. அண்ணாச்சி வியாபாரம் முடித்து வந்து தூங்குகிற முற்பகல் நேரம், மாவு ஆட்ட ஆரம்பிப்பதற்கு முன் கிடைக்கிற ஒன்றரை மணி நேரம்தான் அவள் ஸ்டுடியோ. மழைக்காலத்தில் தகரத்தில் சடசடவென்று அடிக்கும்போது அதுவும் கிடையாது. பெரிய வேலை வந்தால் அந்தேரியில் மணிக்கணக்கில் ஸ்டுடியோ எடுத்துக்கொள்கிறாள். பழைய கம்பெனி திரும்பக் கூப்பிடவில்லை. புதிதாக இரண்டு இடம் பிடித்திருக்கிறாள். முதலில் போன 27,500-க்குச் சீட்டுத் தவணை இன்னும் ஏழு மாசம் பாக்கி. அதில் பாதியை நான் கட்டுகிறேன் என்றதற்கு அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்களா தம்பி கடை வச்சிருக்கீங்க?" என்றார்.

பழைய சாமானில் அந்த ஸ்டாண்ட் மட்டும் உருப்படி. அதற்கு ஒரு பத்து அடி எக்ஸ்.எல்.ஆர். கேபிள் வேண்டுமாம். சனிக்கிழமை லாமிங்டன் ரோடு போகிறேன், ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலும் ஷட்டர்தான். தாராவியிலிருந்து வருகிறவர்கள் மாட்டுங்கா ரோட்டில் ஸ்லோ வண்டி பிடித்தால் நேராக கிராண்ட் ரோடு. கிழக்கு வாசலில் பதினோரு மணிக்கு நிற்பேன். கேபிளுக்கும் பில் கேட்கப் போகிறேன்.